பால் வண்டிக்கு டிராக்டர் ஆயில் ஊற்றலாமா?

போன இதழில் கார்புரேட்டர் பற்றி எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆயில் பற்றியவை. எந்த ஆயில், எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை, கைவசம் இருப்பதை ஊற்றினால் என்ன என்று விதவிதமாகக் கேட்டிருக்கிறீர்கள். பத்து, பதினைந்து வருடம் ஓடிய வண்டியை வைத்துக்கொண்டு பாலும் தீவனமும் உரமும் சுமப்பவர்கள்தான் நம் வாசகர்களில் அதிகம். அதனால் இந்த இதழ் முழுவதையும் ஆயிலுக்கே ஒதுக்கிவிட்டேன்.

"என்னிடம் 2007-ம் வருட ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் இருக்கிறது. காலையும் மாலையும் 8 கி.மீ. தள்ளியிருக்கும் சொசைட்டிக்கு இரண்டு கேன் பால் கொண்டுபோகிறேன். மூன்று மாதமாகப் புகை தள்ளுகிறது. டிராக்டருக்கு வாங்கிய 15 டபிள்யூ 40 ஆயிலில் 3 லிட்டர் மிச்சம் இருக்கிறது. 'அது கெட்டி ஆயில், ஊற்றினால் புகை நின்றுவிடும்' என்கிறார் பக்கத்து ஊர் மெக்கானிக். ஊற்றலாமா? இந்த வண்டி நின்றால் எங்களுக்குப் பால் வருமானமே நின்றுவிடும்."
— வாசகர், உடுமலைப்பேட்டை வட்டம்

ஊற்றவேண்டாம் ஐயா. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு வேறொருவர் வேறொரு ஆயிலைச் சொன்னாலும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் அந்த எண்களைப் பார்ப்போம். கேனில் 20 டபிள்யூ 40, 10 டபிள்யூ 30 என்று போட்டிருக்கும். 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண், குளிர்ந்த இன்ஜினில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறையக் குறைய, காலையில் முதல் கிக் அடித்தவுடன் ஆயில் சீக்கிரம் மேலே ஏறும். பின்னால் இருக்கும் எண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கான அளவு.

இப்போது உங்கள் டிராக்டர் ஆயிலைப் பாருங்கள். 15 டபிள்யூ 40. கடையில் பைக்குக்குக் கொடுப்பது 20 டபிள்யூ 40. இன்ஜின் சூடான பிறகு இரண்டும் ஒரே '40' கெட்டிதான். குளிர்ந்திருக்கும்போது டிராக்டர் ஆயில்தான் கொஞ்சம் இளக்கம். ஆகவே, 'கெட்டி ஆயில், புகையை நிறுத்தும்' என்ற பேச்சே பொருந்தவில்லை.

அடுத்த காரணம் இன்னும் முக்கியம். டிராக்டரில் இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர் பெட்டிக்கு வேறு ஆயில். உங்கள் ஸ்ப்ளெண்டரில் இன்ஜின், கியர், கிளட்ச் பிளேட் மூன்றும் ஒரே ஆயிலில்தான் மூழ்கியிருக்கின்றன. அந்த ஒரே ஆயில் பிஸ்டனைக் காக்க வேண்டும், கியர் பற்களுக்கு நடுவே நசுங்கியும் கெட்டியை இழக்காமல் இருக்க வேண்டும், கிளட்ச் பிளேட்டையும் வழுக்கவிடக் கூடாது. இதற்காகவே ஜப்பான்காரர்கள் மோட்டார் சைக்கிள் ஆயிலுக்குத் தனித் தரம் வைத்தார்கள். அதுதான் கேனில் இருக்கும் 'ஜாசோ எம்.ஏ.' (எம்.ஏ.2 என்றும் இருக்கும்.) கியரும் கிளட்ச் லீவரும் உள்ள வண்டிக்கு இந்த எழுத்துகள் இருக்கிற ஆயிலாகப் பார்த்து வாங்குங்கள். 'எம்.பி.' என்று போட்டிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கானது.

டிராக்டர் ஆயில், டீசல் இன்ஜினின் கரியைச் சமாளிக்கச் செய்தது. அதில் சேர்க்கும் மருந்துச் சரக்கு எரிந்தால் சாம்பலாகத் தங்கும். உங்கள் வண்டி ஏற்கெனவே ஆயிலை எரிக்கிறது, புகை அதற்குச் சாட்சி. அந்தச் சாம்பல் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் போய்ப் படியும். ஊற்றிய அன்றைக்கே வண்டி நின்றுவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்படி ஊற்றி ஓட்டுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால், 3 லிட்டரை வீணாக்கக் கூடாது என்று பார்த்து இன்ஜினைப் பணயம் வைப்பது கணக்குக்கு ஒத்துவராது. அந்த ஆயிலை மூடி இறுக்கி, தூசி படாமல் வைத்திருங்கள். டிராக்டருக்கே அளவு குறையும்போது உதவும்.

டீசல் பம்ப்செட்டுக்கு வாங்கும் 30, 40 என்று ஒற்றை எண் போட்ட ஆயில், டிராக்டரின் ஹைட்ராலிக் ஆயில், கார் ஆயில் மூன்றுக்கும் இதே பதில்தான். கார் ஆயிலில் வழுக்கலுக்கான சரக்கு சேர்த்திருந்தால் கிளட்ச் பிடிக்காது. ஆக்சிலேட்டர் முறுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. பால் கேனோடு மேட்டில் ஏறும்போதுதான் அது தெரியவரும்.

அப்படியானால் புகைக்கு என்ன வழி?

புகை எப்போது வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். பின்னால் வருகிறவரைப் பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு கொத்துப் புகை வந்து, பிறகு அடங்கிவிடுகிறதா? இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி முறுக்கும்போது வருகிறதா? அப்படியானால் ஹெட்டில் உள்ள வால்வு சீல் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். சின்ன ரப்பர் சாமான்தான். ஹெட்டைக் கழற்றும் கூலிதான் செலவு.

மேட்டில், பாரத்தோடு, முறுக்க முறுக்கப் புகை கூடுகிறதா? இன்ஜின் சூடான பிறகும் விடாமல் வருகிறதா? அப்படியானால் பிஸ்டன் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது.

இரண்டில் எதுவானாலும் உடனே ரீபோருக்கு ஓடவேண்டாம். வண்டி எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்று முதலில் அளந்துவிடுங்கள். புது ஆயில் ஊற்றிய அன்று மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் அளவு குறையும்போதெல்லாம் எத்தனை மில்லி சேர்த்தீர்கள் என்று எழுதுங்கள். 1,000 கி.மீ.க்கு 100 மில்லிக்குள் என்றால், பழைய வண்டிக்கு அது பெரிய குறையில்லை, ஓட்டலாம். 300 மில்லியைத் தாண்டினால் பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு வேலைக்கு விடுங்கள். இது என் பட்டறைக் கணக்கு. முப்பது வருடத்தில் பெரும்பாலும் சரியாகவே வந்திருக்கிறது.

ஆயில் எந்த கிரேடு? உங்கள் வண்டிக் கையேட்டில் போட்டிருப்பதுதான் முதல் பதில். கையேடு 10 டபிள்யூ 30 என்று சொல்லி, வண்டியும் புகையில்லாமல் ஓடினால் மாற்ற அவசியம் இல்லை. ஆனால், ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கிற பழைய வண்டிக்கு, நம் ஊர் வெயிலில், பாரம் சுமக்கும்போது 20 டபிள்யூ 40 ஊற்றுவதில் தவறில்லை. புகை கொஞ்சம் குறையலாம். அது தேய்ந்த ரிங்கைச் சரி செய்துவிடாது, கொஞ்ச நாள் தவணை வாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

இங்கேதான் கவனம் வேண்டும்

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வந்தது. என் பட்டறைக்கு வழக்கமாக வருகிற பெரியவர் ஒருவர். அவரும் பால்காரர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் ஆயில் மாற்றுவார். நல்ல ஆயிலாகத்தான் வாங்குவார். ஒருநாள் "இன்ஜின் தலையில் டக்கு டக்குன்னு சத்தம் கேக்குது தம்பி" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கீழே போல்ட்டைக் கழற்றினேன். 800 மில்லி வரவேண்டிய இடத்தில் ஒரு டம்ளர் ஆயில்கூட வரவில்லை. கேம் ஷாஃப்ட், ராக்கர் எல்லாம் தேய்ந்து போயிருந்தன. இந்த வகை இன்ஜினில் கேம் மேலே, ஹெட்டில் இருக்கிறது. ஆயில் குறைந்தால் முதலில் காய்வது அந்த இடம்தான்.

அவர் வண்டி லேசாகப் புகை தள்ளுவது எனக்குத் தெரியும். "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். "வாரம் ஒருமுறை குச்சியை எடுத்துப் பாருங்கள்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. அந்த வேலைக்கு அவர் ஒரு கன்றுக்குட்டியை விற்றார். கூலி வாங்க எனக்குக் கை வரவில்லை. அன்றிலிருந்து புகை தள்ளும் வண்டி யாருடையதாக இருந்தாலும், ஆயில் குச்சி பார்க்கச் சொல்லிக் கொடுக்காமல் நான் வெளியே விடுவதில்லை.

ஆகவே ஐயா, உங்கள் வண்டிக்கு எந்த கம்பெனி ஆயில் என்பதைவிட, ஆயில் இருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கும் முறை: வண்டியை 3 நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சமதளத்தில் பெரிய ஸ்டாண்டு போட்டு, 3 நிமிடம் பொறுங்கள். குச்சியைக் கழற்றி, துணியால் துடைத்து, திரும்ப உள்ளே விடுங்கள். மரையைத் திருகக் கூடாது, சும்மா வைத்து எடுக்க வேண்டும். திருகிப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கலாம், மேல் கோட்டை ஒட்டி இருந்தால் நல்லது. கீழ்க்கோட்டுக்குக் கீழே போய்விட்டால் வண்டியை எடுக்காதீர்கள். சில மாடல்களில் குச்சிக்குப் பதிலாகக் கண்ணாடி வட்டம் இருக்கும். அதில் வண்டி நேராக நிற்கும்போது பார்க்க வேண்டும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவது? நாளைக்கு நான்கு நடை, 32 கி.மீ. மாதத்துக்கு 960 கி.மீ. பாரம், மண் ரோடு, அடிக்கடி நிறுத்தி எடுப்பது என்று இருக்கிற பழைய வண்டிக்கு 2,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றச் சொல்வேன். உங்களுக்கு அது இரண்டு மாதம். குறைவாக ஓடும் வண்டியாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் ஒரே ஆயிலை விடவேண்டாம். ஒன்று இரண்டு கி.மீ. மட்டும் ஓடி நிற்கிற வண்டியில் இன்ஜின் முழுதாகச் சூடாவதில்லை. உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும்.

"கணவர் திருப்பூரில் வேலை செய்கிறார். வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். 100 சிசி, நான்கு ஸ்ட்ரோக். ஆயில் மாற்ற டவுனுக்குப் போய் வந்தால் அரை நாள் கூலி போய்விடுகிறது. வீட்டிலேயே நானே மாற்ற முடியுமா?"
— வாசகி, மணப்பாறை

தாராளமாக முடியும் சகோதரி. இட்லி மாவு அரைப்பதைவிடக் கஷ்டமான வேலை இல்லை. அரை மணி நேரம் போதும். தேவையான சாமான்கள்: கீழ் போல்ட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் (பல 100 சிசி வண்டிகளில் 17-ம் நம்பர்), பக்கவாட்டில் வெட்டிய 5 லிட்டர் பிளாஸ்டிக் கேன், புனல், பழைய துணி, போல்ட்டுக்குப் புது வாஷர் ஒன்று. வாஷர் சில ரூபாய்தான். ஆயில் வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

1. வண்டியை 3 முதல் 5 நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால்தான் அழுக்கோடு சேர்ந்து இறங்கும். தூரம் ஓட்டிவந்த சூட்டோடு திறக்காதீர்கள், கை வெந்துவிடும்.

2. சமதளத்தில் பெரிய ஸ்டாண்டு போடுங்கள். முதலில் மேலே ஆயில் குச்சியைக் கழற்றுங்கள். காற்று போனால் ஆயில் வேகமாக இறங்கும்.

3. இன்ஜினுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுக்குக் கீழே வெட்டிய கேனை வையுங்கள். தரையில் படுத்து நேராகப் போல்ட்டைப் பார்த்தபடி, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். திசை மாறினால்தான் மரை போகும். எனவே, இழுக்கும் முன் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்றைக் கையால் கழற்றுங்கள்.

4. பத்து நிமிடம் வடியவிடுங்கள். சாவியை ஆஃப் செய்துவிட்டு, கிக்கரை மெதுவாக மூன்று நான்கு முறை மிதியுங்கள். தேங்கியிருப்பதும் வந்துவிடும்.

5. இறங்கிய ஆயிலைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். அழுக்கைத் தன்னோடு சுமந்துவருவது ஆயிலின் வேலை. பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். போல்ட்டின் நுனியிலோ ஆயிலிலோ விரலில் உறுத்துகிற மாதிரி இரும்புத் துணுக்கு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பெட்ரோல் வாடை பலமாக அடித்தால் கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும்.

6. போல்ட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு, கையாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி வையுங்கள். பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள். வாஷர் அமர்ந்த பின் இன்னும் கொஞ்சம், அவ்வளவு போதும். குழாயைச் சேர்த்து ஏறி மிதிக்கக் கூடாது. இன்ஜின் உடம்பு அலுமினியம். போல்ட் இரும்பு. தோற்பது அலுமினியம்தான். அந்த மரை போனால் செலவு ஆயிரக்கணக்கில் இழுக்கும்.

7. புனல் வைத்து முதலில் 700 மில்லி ஊற்றுங்கள். பழைய 100 சிசி வண்டிகளில் பலவும் 800 மில்லி அளவுக்கு வாங்கும், சில மாடல் 900, 1,000 வரை போகும். குச்சியில் பார்த்துப் பார்த்துச் சேருங்கள். மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம். அதிகமானால் ஆயில் நுரைத்து, காற்றுக் குழாய் வழியாக ஏர் பில்டருக்குப் போகும், சீல்களில் கசியும்.

8. வண்டியை 3 நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, 3 நிமிடம் கழித்து மறுபடி அளவு பாருங்கள். போல்ட்டைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். தேதியையும் மீட்டரையும் காலண்டரில் எழுதிவிடுங்கள்.

ஒரு சேதி. ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் காகித ஆயில் பில்டர் கிடையாது. ஒரு கம்பி வலையும், சுற்றும் வேகத்தில் அழுக்கை ஓரம்கட்டும் கிண்ணம் போன்ற பில்டரும் கிளட்ச் பக்கம் உள்ளே இருக்கின்றன. அவற்றைச் சுத்தம் செய்யப் பக்கவாட்டு மூடியைக் கழற்ற வேண்டும். அதை மட்டும் நான்கைந்து ஆயில் மாற்றத்துக்கு ஒருமுறை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். பழைய வண்டியில் அந்தக் கிண்ணத்தில் அரை விரல் கனத்துக்குச் சேறு படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இரும்பு இன்ஜின் பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் இந்த முறையை அப்படியே பின்பற்ற வேண்டாம். அதில் இன்ஜின், கிளட்ச் செயின் பெட்டி, கியர் பெட்டி மூன்றுக்கும் தனித்தனி இடம். ஒன்றில் ஊற்றினால் மற்றதற்குப் போகாது. இதைத் தெரியாமல் கியர் பெட்டியைக் காயவிட்டவர்கள் உண்டு.

"பவர் ஸ்பிரேயருக்கும் பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். வண்டிக்கும் பெட்ரோலில் 2டி ஆயில் கலக்கிறோம். 2டி தீர்ந்துபோனதால் பைக்குக்கு ஊற்றும் 4டி ஆயிலைக் கலந்துவிட்டேன். தப்பா?"
— வாசகர், அரூர்

ஒருமுறை என்றால் வண்டி தப்பிவிடும். வழக்கமாக்கிக் கொள்ளாதீர்கள். 2டி ஆயில் பெட்ரோலோடு நன்றாகக் கரைந்து, எரிந்து வெளியே போவதற்காகச் செய்தது. 4டி ஆயில் எரியக் கூடாது என்பதற்காகச் செய்தது. அதை எரித்தால் பிளக்கில் கரி, சைலன்சரில் அடைப்பு, ரிங் ஒட்டிக்கொள்வது எல்லாம் வரும். டேங்கில் இருப்பதை வடித்துவிட்டு, சரியான கலவை ஊற்றி, பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள்.

அளவு பெரும்பாலும் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. ஸ்பிரேயருக்கு அதன் கையேட்டில் கூடுதலாகச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கண்திட்டத்துக்கு ஊற்றாமல், மருந்து அளக்கும் மூடி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்துக்குப் பயன்படுத்திய மூடி வேண்டாம். ஆயிலைக் குறைத்து மிச்சம் பிடித்தால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்துவிடும். இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினின் உள்ளே வேறு ஆயில் கிடையாது, பெட்ரோலோடு வருவது மட்டும்தான் அதற்கு உயிர். மறந்தும் 2டி ஆயிலை நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்குள் ஊற்றாதீர்கள்.

"சந்தையில் பாதி விலைக்கு லூஸ் ஆயில் கிடைக்கிறது. நிறமும் நன்றாக இருக்கிறது. வாங்கலாமா?"
— வாசகர், மேலூர்

நிறத்தைப் பார்த்து ஆயில் வாங்குவது, சாயம் போட்ட ஏலக்காய் வாங்குவது போல. பழைய ஆயிலை வடிகட்டி, வெளுக்கவைத்து, சாயம் சேர்த்து விற்கிறவர்கள் உண்டு. முறையாகச் சுத்திகரிக்கிற ஆலைகளும் இருக்கின்றன. ஆனால், டின்னில் முகந்து ஊற்றும் ஆயில் எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வாங்க வேண்டாம்.

சீல் உடையாத கேன், அச்சு தெளிவாக உள்ள லேபிள், தயாரித்த மாதம், ஜாசோ எம்.ஏ. என்ற எழுத்து, பில். இந்த ஐந்தையும் பாருங்கள். கேனில் 'ஏ.பி.ஐ.' என்று போட்டு எஸ்.ஜே., எஸ்.எல்., எஸ்.என். என்று எழுத்துகள் இருக்கும். 'எஸ்' என்றால் பெட்ரோல் இன்ஜின், 'சி' என்றால் டீசல். இரண்டாவது எழுத்து அகர வரிசையில் பின்னால் போகப் போகப் புதிய தரம். உங்கள் கையேடு சொல்வதோ அதற்குப் பிந்தையதோ இருந்தால் போதும். பழைய வண்டிக்கு விலை உயர்ந்த முழு சிந்தெடிக் தேவையில்லை. சாதாரண மினரல் ஆயிலை நேரத்துக்கு மாற்றினாலே போதும்.

காலி கேனை அப்படியே பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள். கத்தியால் வெட்டி, மூடியை நசுக்கிப் போடுங்கள். நீங்கள் போடும் முழுக் கேன்தான் போலி ஆயிலுக்குப் பாத்திரமாகத் திரும்பி வருகிறது.

"வண்டியில் இறக்கிய பழைய ஆயிலை வேலிக் கம்பத்துக்குக் கரையானுக்காகப் பூசுகிறோம். மாட்டுக் குளம்புப் புண்ணுக்கும் தடவுவது எங்கள் ஊர் வழக்கம். இது சரியா?"
— வாசகர், சங்கராபுரம்

இந்த வழக்கம் எங்கள் ஊரிலும் இருந்தது. என் அப்பாவும் தடவியிருக்கிறார். அப்போது தெரியாது. இப்போது தெரியும், விட்டுவிடுவோம்.

இன்ஜினில் ஓடிய ஆயிலில் தேய்ந்த உலோகத் துகள், எரிந்த பெட்ரோலின் நச்சு எல்லாம் சேர்ந்திருக்கும். தோலில் தொடர்ந்து பட்டால் தோல் நோய் வரும். நாள்பட்டால் புற்றுநோய் வரைக்கும் போகக்கூடிய சரக்கு அது. மாடு தன் புண்ணை நக்கும் பிராணி. குளம்பில் தடவியது வயிற்றுக்குப் போகும். பிறகு அந்தப் பாலை நாம்தான் குடிக்கிறோம். புண்ணுக்குக் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். ஈ மொய்க்காமல் இருக்க வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவுவது நம் வீட்டிலேயே உள்ள வழி.

கம்பத்தில் பூசியது மழையில் வழிந்து மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும். கொசுவுக்காகக் குட்டையில் ஊற்றுவதும் வேண்டாம். ஆயில் தண்ணீரின் மேல் ஏடாகப் படர்ந்து, காற்று உள்ளே போகாமல் மூடிவிடும். கொசுப்புழுவோடு மீனும் தவளையும் சாகும். வாய்க்கால் ஓரம் ஊற்றினால் அந்த இடத்தில் புல்கூட முளைக்காமல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

நம் நாட்டின் 2016-ம் வருடத்து அபாயக் கழிவு விதிகளில், பயன்படுத்திய ஆயில் அபாயக் கழிவாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பழைய கேனில் சேர்த்து, 'பழைய ஆயில்' என்று எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அதில் தண்ணீரோ பூச்சிமருந்தோ கலக்க வேண்டாம். கேன் நிறைந்ததும், அனுமதி பெற்ற சுத்திகரிப்பாளருக்குக் கொடுக்கும் ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய்க் கொடுங்கள். பெரிய சர்வீஸ் நிலையங்களில் கேட்டால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பெட்ரோலில் கழுவாதீர்கள்.

உடுமலை வாசகருக்கு மறுபடியும் ஒரு வார்த்தை. இந்த வாரமே புது 20 டபிள்யூ 40 ஆயில், புது வாஷர் போட்டுவிடுங்கள். ஏர் பில்டரையும் தட்டிச் சுத்தம் செய்யுங்கள், புழுதிதான் ரிங்கின் முதல் எதிரி. ஒரு மாதம் குச்சி பார்த்து, எத்தனை மில்லி குறைந்தது, புகை எப்போது வந்தது என்று எழுதி அனுப்புங்கள். சீலா, ரிங்கா என்று கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ரீபோருக்கு யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

மற்ற வாசகர்களும் கேள்வி அனுப்பும்போது வண்டியின் பெயர், வருடம், ஓடிய தூரம், எவ்வளவு பாரம் ஏற்றுகிறீர்கள் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். அடுத்த இதழில் செயினும் பல் சக்கரமும். அதற்குள் ஒருமுறை வெளியே போய், உங்கள் வண்டியின் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.